உனக்கு மட்டும் அடிக்காத பேனர்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நான் உனக்குப் போன் பண்ணியபோது, யார் என்று பார்க்காமலே எடுத்து, "சொல்லுங்க சேர்" என்றாய். என் குரலைக் கேட்டதும் சிரித்தாய். நானும் சிரித்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய். அங்கே மழையா என்று கேட்டாய்; மழைதான் என்றேன். பதுளையில் பெய்யும் மழையையும் நீ சாப்பிட்ட சோற்றையும் வைத்துக்கொண்டு ஓர் அப்பனும் மகனும் எவ்வளவு நேரம் பேச முடியுமோ அவ்வளவு நேரம் பேசிவிட்டு வைத்தோம். மறுநாள் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கல்யாணப் பேனரில் இரண்டு பக்கமும் மாப்பிள்ளையின் பெயரையே போட்டு அடித்துவிட்டேன். பெண் வீட்டார் வந்து பார்த்து, மாப்பிள்ளை தன்னைத்தானே கட்டிக்கொள்வதாக இருந்தால் தங்களுக்குச் செலவு மிச்சம் என்றார்கள்.

இந்தக் கடிதம் அந்த "சேர்" பற்றியதுதான். ஆனால் அதற்குப் போக, நீ முதன்முதலாகக் கெம்பஸுக்குப் புறப்பட்ட காலையில் தெமோதரை ஸ்டேஷனில் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். அம்மா தங்கச்சியோடு சற்றுத் தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தாள். நீ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "ஊருக்கெல்லாம் அடிக்கிறீங்க. எனக்கு மட்டும் ஏன்பா அடிக்கல?" நான் பேனர் ரோல் முடிந்துவிட்டது என்றேன். பேனர் அடிக்கிறவன் ரோல் முடிந்துவிட்டது என்று சொல்வது, துரை பங்களாவில் தேயிலை முடிந்துவிட்டது என்று சொல்வது போல. நீ நம்பவில்லை. ரயில் வந்துவிட்டதால் நம்பிய மாதிரி ஏறிக்கொண்டாய். அதற்கு உண்மையான பதிலை இப்போது எழுதுகிறேன்.

என் தொழில் உனக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எப்படிப் படிக்கப்போகிறார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் எனக்கு ஒரு கடை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெஷின். ஊவா மாகாணத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் அது முதலில் பெற்றவர்களுக்குத் தெரியும், அடுத்து எனக்குத் தெரியும், அதற்குப் பிறகுதான் கடவுளுக்கு. அந்த வாரமே சந்தியில் பேனர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பிள்ளை தெரிவானதை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். பேனரின் அமைப்பு எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றுதான். உச்சியில் கோயில் சாமி. அதற்குக் கீழே கைகூப்பியபடி தொழிற்சங்கத்துப் பெரியவர் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் கைகூப்பாமல் தோட்டத்துத் தலைவர். மூலையில், கடிதத்தில் ஒட்டும் முத்திரை அளவுக்குப் பிள்ளை. வெளியூர்க்காரர் பஸ்ஸில் போகும்போது பார்த்தால், பரீட்சை எழுதியது பெரியவர் என்றும் மூலையில் இருக்கும் பையன் அவருக்குப் பேனா எடுத்துக் கொடுத்தவன் என்றும் நினைக்க இடமுண்டு. பிள்ளைக்குக் கீழே "மலையகத்தின் விடிவெள்ளி" என்று போடச் சொல்வார்கள். நான் இதுவரை அடித்த விடிவெள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உதித்தால் ஊவாவில் ஒருவரும் கண்மூட முடியாது. "தோட்டத்தின் முதல் மாணவன்" என்றும் போட வேண்டும். ஏற்கெனவே ஒரு முதல் மாணவன் இருந்தால் இவன் மேல் டிவிஷனின் முதல் மாணவன். அங்கேயும் ஒருவன் இருந்தால் அந்த லயத்து வீட்டு வரிசையின் முதல் மாணவன். முதலாவதாக இல்லாத ஒரு பிள்ளையை நான் இன்னும் அடித்ததில்லை.

நான் கேலி பண்ணுவதாக நினைக்காதே. தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலைத் தவிர வேறெங்கும் தங்கள் பெயரை எழுத்தில் கண்டிராத குடும்பங்கள், சந்தியில் நின்று தங்கள் பிள்ளையின் முகத்தை அண்ணாந்து பார்ப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்ல வந்தது அந்த முகங்களுக்குப் பிறகு நடப்பது. பேனர் வெயிலில் வெளுக்கும்போது எல்லா நிறமும் ஒன்றாகப் போவதில்லை. சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும். நீலம் கடைசிவரை நிற்கும். அதனால் பழைய பேனரில் முகங்கள் நீலமாகிவிடும். பல் தெரியச் சிரித்தபடியே நீலமாகிவிடும். பசறை வழியாக மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சந்திக்குச் சந்தி என் கைவேலை அப்படித் தொங்குவதைப் பார்க்கலாம். நான் இப்போதெல்லாம் ஜன்னலோரம் உட்காருவதில்லை.

அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பையன் இருந்தான். பிரதீபன் என்று வைத்துக்கொள். அது அவன் பெயர் அல்ல. அவனுடைய அப்பாவைத் தங்கராசு என்று சொல்கிறேன். அதுவும் அவர் பெயர் அல்ல. உனக்குப் பல வருடம் முன்னால் தெரிவானவன். தங்கராசு கொண்டுவந்த படத்தில் அவன் வெள்ளைச் சட்டையில், பொத்தான் கழுத்துவரை பூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழக்கம்போல் அடித்துக் கொடுத்தேன். பேனர் வெளுத்ததும் தங்கராசு திரும்ப வந்தார், அதையே புதிதாக அடிக்க. சித்திரைக்கு முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி, அவருக்கு அது வழக்கமாகிவிட்டது. ஒரு முறை வந்தபோது, எழுத்தை மாற்றச் சொன்னார். "தெரிவாகி" என்பதை எடுத்துவிட்டு "பட்டம் பெற்று" என்று போட வேண்டும். "இந்நேரம் முடிச்சிருப்பான் முதலாளி. அந்தக் கறுப்பு உடுப்பு, தொப்பி எல்லாம் உங்ககிட்ட இருக்காமே" என்றார். இருந்தது. பட்டமளிப்பு அங்கி போட்டு, கையில் சுருட்டிய கடதாசியோடு, தலையில்லாத ஓர் உடம்பு என் கம்ப்யூட்டரில் நெடுங்காலமாக இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நல்ல அகலமான தோள். அதன்மேல் ஆசிரியர்மார், தாதிமார், பாலர் பாடசாலைப் பிள்ளைகள் என்று எத்தனையோ தலைகளை வைத்திருக்கிறேன். ஊவாவின் பட்டதாரிகள் பலருக்குக் கழுத்துக்குக் கீழே ஒரே ஆள்தான். சொந்தமாக எடுத்த பட்டமளிப்புப் படம் இல்லையா என்று தங்கராசுவிடம் கேட்டேன். அவர் சுவரில் இருந்த மாதிரிப் பேனர்களைப் பார்க்கத் தொடங்கினார். நான் மறுபடி கேட்கவில்லை. பழைய படத்திலிருந்து பிரதீபனின் தலையை வெட்டி அந்தத் தோளின்மேல் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கியிருந்த நேரம், ஓர் இளைஞன் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சில் மாட்டியிருந்தான். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்தவன் என்று நினைத்தேன். மடுல்சீமைப் பக்கம் தொப்பி போட்ட பையன் ஒருவனின் பேனர் இருக்கிறது, மூலையில் இந்தக் கடை நம்பர் போட்டிருக்கிறது, நீங்கள் அடித்ததா என்று கேட்டான். ஆமாம், ஏன், எழுத்துப் பிழையா என்றேன். என் தொழிலில் முன்பின் தெரியாதவர் வந்து கேட்டால் அதுவாகத்தான் இருக்கும்.

"பிழை ஒண்ணும் இல்ல அங்கிள். நல்லா வந்திருக்கு. அந்த உடம்பு யாரோடது?"

அப்போதுதான் நான் அவன் காதுகளைப் பார்த்தேன். ஒரு தலையை வெட்டி எடுப்பதென்றால் காதோரம்தான் கஷ்டம். திரை முழுக்கப் பெரிதாக்கி, மயிரிழை மயிரிழையாக ஓரம் கட்ட வேண்டும். அந்தக் காதுகளை அவனைப் பெற்றவளைவிட எனக்குத் தெரியும். நான் எழுந்து அவனுக்கு என் கதிரையைக் கொடுத்தேன். அவன் உட்காரத் தயங்கினான். உட்காரலாமா என்று என்னிடம் கேட்டான். அதை நான் அன்று மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் தங்கச்சிக்கு அன்று கல்யாணம். கொழும்பிலிருந்து வந்திருக்கிறான். அங்கே ஒரு புடவைக்கடையில் வேலை. பஸ் தோட்டத்துச் சந்தியில் நின்றபோது நிமிர்ந்து பார்த்திருக்கிறான், தொப்பியோடு தன்னைப் பார்த்திருக்கிறான். கோயிலில் ரேடியோ பாடுவதுகூடக் கேட்டதாம். கண்டக்டர் இறங்கப்போவது யார் என்று கத்த, இவன் வாயைத் திறக்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி, என் கடைக்கு வந்திருக்கிறான். கெம்பஸில் அவன் முதல் வருடத்தைக்கூட முடிக்கவில்லை. சிரேஷ்ட மாணவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் அவனை என்னென்ன செய்தார்கள் என்பதை அவன் அதிகம் சொல்லவில்லை. நிற்கவைத்தார்கள் என்றான். பிறகு, நிற்கவைத்ததுதான் அதில் லேசானது என்றான். ஒரு நாள் விடுதியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன் வீட்டுக்குப் போவதா கொழும்புக்குப் போவதா என்று ரோட்டில் நின்று யோசித்தபோது, சந்தியில் தொங்கும் பேனர் ஞாபகம் வந்திருக்கிறது. கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டான். ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று நான் கேட்டதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இறங்கினா எல்லாரும் முதல்ல மேல பாப்பாங்க அங்கிள். அப்புறம் என்னைப் பாப்பாங்க."

எழும்பும்போது இன்னொன்றையும் சொன்னான். அவனை அதிகம் படுத்தியவன் வேற்று ஆள் இல்லை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன்தான். "அவனுக்கும் நீங்கதான் அடிச்சீங்க. விடிவெள்ளின்னு போட்டிருந்துச்சு." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, ஒரு தகவல் சொல்கிற குரல். நான் ஏணி இருக்கிறது, வா, இப்போதே போய் உன் பேனரைக் கழற்றிவிடுவோம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். "அம்மா தினமும் அதுக்குக் கீழ நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் கொழுந்துக்குப் போகுதாம். தங்கச்சி சொன்னா." கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

அடுத்த பருவத்தில் உன் உயர்தரப் பெறுபேறு வந்தது, நீயும் தெரிவானாய், தம்பி.

கடையில் உன் படத்தைத் திரையில் வைத்தேன். ஓரம் கட்டத் தொடங்கினேன். காதுவரை வந்ததும் கை நின்றுவிட்டது. மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள்; எனக்குச் சொல்ல வேண்டியதைத் தங்கச்சியிடம் சொல்லி அனுப்பினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. தலைவர் கடைக்கே வந்தார், தன்னுடைய படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு. ரோல் முடிந்துவிட்டது என்றதும் மற்றச் சங்கத்துக்காரர்கள் என்னை வாங்கிவிட்டார்களா என்று கேட்டார். மற்றச் சங்கத்துக்காரர்கள் வந்து, எப்போது எங்களோடு சேரப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். பேனர் அடித்து இத்தனை வருடத்தில் சம்பாதிக்காத அரசியல் முக்கியத்துவத்தை ஒரு பேனரை அடிக்காமல் சம்பாதித்தேன். உனக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கப் போகிற பிள்ளையிடம், நீ திரும்பி வரவேண்டியிருக்கலாம் என்று வாசற்படியில் வைத்து எப்படிச் சொல்வது? அது உன்னை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

சித்திரை லீவுக்கு நீ வந்தாய். மெலிந்திருந்தாய், அது ஹொஸ்டல் சாப்பாடு என்றாய். மீசையை எடுத்திருந்தாய், வெயிலுக்கு என்றாய். உன் தோசையை நீயே எடுத்துப் போடாமல், போடும்வரை காத்திருந்தாய். அம்மா அதைப் பார்த்து, கெம்பஸ் போய்ப் பிள்ளை திருந்திவிட்டான் என்று சந்தோஷப்பட்டாள். அன்று சாயங்காலம் உன் போன் அடித்தது. கட்டிலில் சாய்ந்திருந்தவன் "சொல்லுங்க சேர்" என்று எழுந்து நின்றாய். சும்மா எழும்பவில்லை, கையைப் பக்கவாட்டில் ஒட்டி, தலையைக் கீழே போட்டு நின்றாய். அங்கிருந்து பேசியவர் பேசி முடிக்கும்வரை அப்படியே நின்றாய். தங்கச்சிதான் கேலி பண்ணினாள்.

"ஏன்ணே, நீ நிக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வீடியோ கோலா?"

"இல்ல. தெரியும்."

நான் அப்போது எழுந்து வெளியே போனேன். மழைக்குத் துணி எடுக்கப் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். கொடியில் துணி இருக்கவில்லை. உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை நின்ற மனுசன். அது வேலை, விடு. ஆனால் லயத்துக் காம்பராவுக்குள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது மேல் ரோட்டில் துரையின் ஜீப் சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்பார். சத்தம் தேயும்வரை நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்து தின்பார். தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற ஆளை ஜீப்பில் போகிறவருக்கு எப்படித் தெரியும்? நான் சிறு பையனாக இருந்தபோது அவரிடம் கேட்டிருக்கிறேன், நீங்கள் நிற்பது துரைக்குத் தெரியுமா என்று. அவர் உன்னைப் போலவே ஒரு சொல்லில்தான் பதில் சொன்னார். அதே சொல். நம் வீட்டில் அது அவரோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அவரைப் புதைத்த இடத்தில்கூட இப்போது தேயிலை வைத்துவிட்டார்கள். ஆனால் அவர் அன்று உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

சிரேஷ்ட மாணவர்கள் புதியவர்களை இப்படி நிற்கவைப்பது சமத்துவம் கற்றுக்கொடுப்பதற்காக என்று சொல்கிறார்களாம். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே மாதிரி ஆகிவிட வேண்டுமாம். பெரட்டுக்களத்திலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் நின்றார்கள். அந்தச் சமத்துவத்தைக் கற்றுக்கொள்ள ஒருவன் உயர்தரம்வரை படித்திருக்கத் தேவையில்லை, தோட்டத்திலேயே இருந்திருக்கலாம். இன்னொரு நியாயமும் சொல்வார்கள்: வெளி உலகத்தைத் தாங்குவதற்கு மனதைப் பலப்படுத்துகிறோம் என்று. உன் அம்மா அட்டைக் கடியோடும் கூடைப் பாரத்தோடும் செங்குத்து மலையில் கொழுந்து எடுத்து உன்னை வளர்த்தவள். மனதைப் பலப்படுத்தும் பாடத்துக்கு ஆசிரியர் தேவையென்றால் நம் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவர் யாரையும் முட்டிபோட வைத்ததில்லை.

உனக்கு இருக்கும் நெருக்கடி இது ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை. விரிவுரை இங்கிலீஷில் நடக்கும்போது விளங்கிய மாதிரித் தலையாட்டுகிறாய் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாய். அவள் எனக்குச் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல ஒருவன் எழுந்து நின்றால் அந்த நிற்றலில் ஒரு குறையும் இல்லை. ராக் என்கிற இந்தப் பகிடிவதை வேண்டாம் என்று மறுத்தவர்களோடு யாரும் பேசுவதில்லை, நோட்ஸ் கொடுப்பதில்லை, கெண்டீனில் பக்கத்தில் உட்காருவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். ஆகவே மறுத்துவிடு என்று இங்கே கதிரையில் சாய்ந்துகொண்டு எழுதுவது எனக்கு லேசு. தனியாகச் சாப்பிடப்போவது நான் இல்லை. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முறைப்பாடு செய்வதென்றால் நான் வருகிறேன். கடையைப் பூட்டிவிட்டு முதல் ரயிலில் வருகிறேன். அந்த அலுவலகத்தில் இருவரும் கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்து பேசுவோம். பொறுத்துக்கொண்டு படித்து முடிக்கிறேன் என்றால் அதுவும் உன் முடிவு. ஆனால் பொறுப்பது எது என்று எனக்குச் சொல், மழையைப் பற்றிப் பேசாதே. முடியவில்லை, வந்துவிடுகிறேன் என்றால் வா. வேறு வழியில் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவள் என்னோடு பேசாவிட்டால் தங்கச்சியிடம் சொல்லி அனுப்புகிறேன்.

இதற்கெல்லாம் மேலே நான் பயப்படுவது அடுத்த வருடத்துக்கு. அடுத்த வருடம் உனக்குக் கீழே ஒரு கூட்டம் வரும். உன் கையில் ஒரு போன் இருக்கும். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒரு நம்பரை அழுத்தினால், எங்கேயோ ஒரு லயத்துக் காம்பராவில் ஒரு பையன் எழுந்து நிற்பான், அவனுடைய தங்கச்சி சிரிப்பாள். நீ அதைப் பார்க்க வேண்டியதில்லை, உனக்குத் தெரியும். அந்த அப்புத்தளைப் பையனின் படத்தை நான் தேடி எடுத்துப் பார்த்தேன். பிரதீபனைவிடச் சின்ன முகம். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். அவனும் யாரோ ஒருவருக்கு நின்றுவிட்டு வந்தவன்தான் என்று சொன்னால் அவன் செய்தது சரியாகிவிடாது. நீ வீட்டுக்குத் திரும்பி வந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீ அந்தப் போனை அழுத்தினால் மட்டும் எனக்குப் பிள்ளை இல்லாமல் போய்விடும்.

நீ லீவு முடிந்து போன அதே வாரத்தில் தங்கராசு வந்தார். பேனர் வெளுத்துவிட்டது, முகம் போய்விட்டது, தொப்பி மட்டும் நன்றாகத் தெரிகிறது என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இந்த வாட்டி ஒரு மீசை வச்சு அடிக்கலாமா முதலாளி? இப்ப அவனுக்கு மீசை வந்திருக்கும்."

"மீசை இல்லை" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே பஸ்காரன் பசறை, பசறை என்று கூப்பிடுவது ஓய்ந்ததும், "மெலிஞ்சிருக்கானா?" என்றார்.

கொஞ்சம் என்றேன். பிரதீபன் வந்ததையும், சந்தியில் இறங்காமல் போனதையும், அவன் சொன்ன காரணத்தையும் சொன்னேன். அவன் படிப்பை விட்டது தங்கராசுவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் மனைவிக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் தொப்பி வைக்கச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் பேனரைக் கழற்றிவிடலாமே என்றேன். கழற்றினால் ஏன் கழற்றினாய் என்று தோட்டமே கேட்குமே, அவர்களுக்கு என்ன சொல்வது, அவன் என்றைக்காவது வந்தால் அவனுக்குத்தானே தலைகுனிவு என்றார். அம்மாவுக்காகக் கழற்ற வேண்டாம் என்று மகன் சொல்கிறான். மகனுக்காகக் கழற்ற முடியாது என்று அப்பன் சொல்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் அடித்தது தொங்குகிறது. மெஷின் பழுது என்று சொல்லி அவரை அனுப்பினேன். போகும்போது, மெஷின் சரியானதும் சொல்லுங்கள், அவசரம் இல்லை என்றார். இன்னும் நான் சொல்லவில்லை. வேறு எல்லாருக்கும் அந்த மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நம் பக்கத்துச் சின்னப் பத்திரிகை ஒன்றில் போடலாமா என்று யோசிக்கிறேன். பேனரில் வெளிப்படையாக நடந்ததை ஒளித்துவைத்துப் பேசினால் அது யாருக்கும் உதவாது. ஊவாவில் எத்தனையோ சந்திகள், எத்தனையோ தங்கராசுகள். உன் பெயரும் என் பெயரும் இருக்காது. எந்தப் பல்கலைக்கழகம் என்றும் எழுதவில்லை. ஒவ்வொன்றும் மற்றதைச் சொல்கிறேன் என்று நினைத்து நிம்மதியாக இருக்கட்டும். ஆனால் முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். நீ வேண்டாம் என்றால் இது வெளிவராது, உன் மேசை லாச்சிக்குள்ளேயே இருக்கட்டும். இது அச்சில் வந்திருந்தால், நீ படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணி, மழையைத் தவிர வேறு எதையோ பேசியிருக்கிறாய் என்று அர்த்தம். அந்தப் போனை உட்கார்ந்துகொண்டு பண்ணு. நீ நின்றால் எனக்கும் தெரியும்.

ஸ்டேஷனில் நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நம் தோட்டத்துச் சந்தியில் பேனர் கட்டும் இரண்டு கம்பங்களும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. நான் தினமும் கடைக்குப் போகும்போது பார்த்துக்கொண்டுதான் போகிறேன். தலைவர் நச்சரித்தாலும், அம்மா பேசாவிட்டாலும், நீ முதல் வகுப்பில் பாஸ் பண்ணினாலும் அவை அப்படியே இருக்கும். நீ எந்த நாளிலும், எந்தப் பஸ்ஸிலும், எதை முடித்தும் முடிக்காமலும் அங்கே வந்து இறங்கலாம். யாரும் மேலே பார்க்கமாட்டார்கள். உன்னைத்தான் பார்ப்பார்கள்.

அப்பா